செம்புச் சுரங்கத்தில் கசிந்த எண்ணெய்

சுரங்கத்தின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவது புதுமையன்று. எந்தச் சுரங்கத்திலும் அது உண்டு. ஆனால், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், சுபீரியர் ஏரியின் தென்கரையை அடுத்திருந்த ஒயிட் பைன் செம்புச் சுரங்கத்தில் பாறை வெடிப்புகளிலிருந்து கசிந்தது தண்ணீர் மட்டுமன்று. கச்சா எண்ணெயும் கசிந்தது! செம்பு வெட்டப் போன இடத்தில் பெட்ரோலியம்!

அளவில் அது மிகச் சிறியது. அதைக் கொண்டு ஒரு லாரியைக் கூட நெடுந்தூரம் ஓட்ட முடியாது. ஆயினும் நிலவியல் அறிஞர்கள் அந்தக் கசிவைக் கேள்விப்பட்டுச் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். எண்ணெய் கசிந்த பாறையின் வயதுதான் அவர்களை இழுத்தது. அது சுமார் 108 கோடி ஆண்டுகளுக்கு முன்பு படிந்த பாறை.

மாணவர்களே, இந்த எண்ணைச் சற்று நின்று கவனியுங்கள். டைனோசார்கள் மறைந்து 6.6 கோடி ஆண்டுகள்தாம் ஆகின்றன. நிலத்தில் மரங்கள் தோன்றி 40 கோடி ஆண்டுகள் கூட முழுதாக ஆகவில்லை. உலகம் இன்று எரிக்கும் எண்ணெயில் பெரும் பங்கு கடந்த 20 கோடி ஆண்டுகளுக்குள் படிந்த சேற்றிலிருந்து பிறந்தது. ஒயிட் பைன் பாறை படிந்த நாளில் மீன் இல்லை, புல் இல்லை, புழு கூட இல்லை. நிலப்பரப்பு முழுவதும் வெறும் பாறையும் மணலுமாகக் கிடந்தது. உயிர் என்று சொல்ல நீரில் நுண்ணுயிர்களும் பாசிகளும் மட்டுமே இருந்தன. அப்படியானால் அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது? வந்தது எப்படி இத்தனை காலம் தங்கியது? துளி தங்கியிருக்குமானால், அருகில் எங்கேனும் பெருந்தேக்கமும் தங்கியிருக்குமா?

கடைசிக் கேள்விக்கு விடை காணப் பெரிய எண்ணெய்க் கம்பெனிகள் பல மைல் ஆழம் துளைத்துப் பார்த்தன. அந்தக் கதையைத்தான் இங்கே காணப் போகிறோம்.

பிளக்கத் தொடங்கி நின்றுபோன கண்டம்

சப்பாத்தி மாவை இரு கைகளாலும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். உடனே அறுந்துவிடாது. நடுப்பகுதி முதலில் மெலியும், தொய்ந்து கீழிறங்கும், அதன் பிறகே அறுபடும். கண்டங்களும் இவ்வாறே பிளக்கின்றன. கீழிருந்து வரும் வெப்பத்தாலும் பக்கங்களிலிருந்து இழுக்கும் விசையாலும் கண்டத்தின் மேலோடு மெலிகிறது. நடுவில் நீண்ட பள்ளத்தாக்கு விழுகிறது. மெலிந்த இடத்தின் வழியே பாறைக் குழம்பு பொங்கி வருகிறது. இழுவை தொடர்ந்தால் கண்டம் இரண்டாகிவிடும். இடையில் புதுக் கடல் பிறக்கும். செங்கடல் அப்படிப் பிறந்த இளங்கடல். கிழக்கு ஆப்பிரிக்காவின் பிளவுப் பள்ளத்தாக்கில் இந்த வேலை இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

சில வேளைகளில் இழுவை பாதியில் நின்றுவிடும். கண்டத்தின் மார்பில் ஒரு பெரிய தழும்பு மட்டும் மிஞ்சும். வட அமெரிக்காவின் நடுவே அத்தகைய தழும்பு ஒன்று உண்டு. கான்சாஸ் மாநிலத்தில் தொடங்கி நெப்ராஸ்காவின் ஓரத்தைத் தொட்டு, அயோவா, மின்னசோட்டா, விஸ்கான்சின் வழியாக வடகிழக்கே ஏறி, சுபீரியர் ஏரியின் அடியில் வளைந்து, பின் தென்கிழக்கே திரும்பி மிச்சிகனுக்குக் கீழே செல்கிறது. குதிரை லாடத்தைப் போன்ற வளைவு. நீளம் 2000 கி.மீ.க்கு மேல். இதனை நடுக்கண்டப் பிளவு என்கிறார்கள்.

சுமார் 111 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே எரிமலைக் குழம்பு பாயத் தொடங்கியது. விட்டு விட்டு ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஆண்டுகள் பாய்ந்தது. வெளிவந்த குழம்பின் மொத்த அளவு பத்து லட்சம் கன கிலோமீட்டருக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். இதில் ஒரே ஒரு பாய்ச்சல் மட்டும் சில இடங்களில் 400 மீட்டருக்கு மேல் தடிப்பாக உறைந்திருக்கிறது. சுபீரியர் ஏரியின் தெற்கே நீட்டிக்கொண்டிருக்கும் கீவினா தீபகற்பத்தில் அந்தப் பாறை வடக்கு நோக்கிச் சரிந்து நீருக்குள் இறங்குகிறது. ஏறத்தாழ 80 கி.மீ. அப்பால், ஏரியின் நடுவிலுள்ள ஐல் ராயல் தீவில் அதே பாறை தெற்கு நோக்கிச் சரிந்து இறங்குகிறது. இரண்டையும் மனக்கண்ணில் நீட்டிச் சேர்த்துப் பாருங்கள்: ஏரிக்கு அடியில் ஒரு மாபெரும் தொட்டி கிடைக்கும். சுபீரியர் ஏரி உட்கார்ந்திருப்பது அந்தத் தொட்டியில்தான்.

குழம்பு ஓய்ந்த பின் நிலம் குளிர்ந்து கனத்து மேலும் அமிழ்ந்தது. சுற்றியிருந்த மேடுகளிலிருந்து ஆறுகள் கூழாங்கல்லையும் மணலையும் கொண்டுவந்து கொட்டின. இடையில் ஒரு காலம் தொட்டியின் பள்ளமான பகுதிகளில் நீர் தேங்கி ஆழமான ஏரிகள் உண்டாயின. (கடல்நீரும் அவ்வப்போது புகுந்திருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு.) அந்த நீர்ப்பரப்பில் பாசியும் நுண்ணுயிர்களும் செழித்தன, இறந்து அடியில் விழுந்தன. அடிநீரில் ஆக்சிஜன் குறைவு. ஆகவே அவை முற்றிலும் மக்கிப் போகாமல் கரிய சேறாகத் தங்கின. அந்தச் சேறுதான் இறுகி, நான்சச் களிப்பாறை என்று இன்று அழைக்கப்படும் பாறையாயிற்று. அதன் தடிப்பு சில இடங்களில் 200 மீட்டர் வரை இருக்கிறது. அவ்வூர்ப் பழைய செம்புச் சுரங்கம் ஒன்றின் பெயரே பாறைக்கும் வந்தது. ‘இதற்கு இணை இல்லை’ என்பது அப்பெயரின் பொருள். பெயர் வைத்தவர்கள் செம்பை எண்ணித்தான் வைத்திருப்பார்கள். ஆனால், எண்ணெய் நூலாருக்கும் அது பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

தராசு அல்ல, சுருள்வில்

சுபீரியர் ஏரிக்கரையில் இந்தப் பாறைகளைக் கண்ணால் காணலாம். அயோவாவிலும் கான்சாஸிலும் அப்படி இல்லை. அங்கே பிளவின் மீது பிற்காலத்துச் சுண்ணாம்புக் கல்லும் மணற்கல்லும் போர்த்திக் கிடக்கின்றன. அதற்கும் மேலே சோளக் கொல்லைகள். பிறகு எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

எடை காட்டிக் கொடுத்தது. பசால்ட் என்னும் எரிமலைப் பாறை தண்ணீரைப் போல் ஏறத்தாழ 2.9 மடங்கு கனமானது. சுற்றியுள்ள கருங்கல் சுமார் 2.7 மடங்கு. மணற்கல் அதைவிடவும் இலேசு. ஆகவே பல கிலோமீட்டர் தடிப்புள்ள பசால்ட் புதைந்திருக்கும் இடத்தில் புவியின் ஈர்ப்பு இம்மி அளவு கூடுதலாக இருக்கும். இலேசான மணற்கல் நிரம்பிய பள்ளங்களின் மேல் இம்மி அளவு குறையும்.

அந்த ‘இம்மி’ எவ்வளவு என்று கேட்கிறீர்களா? பிளவின் நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள வேறுபாடு, மிக அதிகமான இடங்களில், மொத்த ஈர்ப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும். 50 கிலோ எடையுள்ள மாணவர் ஓரத்திலிருந்து நடுவுக்கு நடந்து சென்றால் அவர் எடை ஏறத்தாழ ஐந்து கிராம் கூடும். இதை நம் கடைத் தராசில் காண இயலாது. காரணம், தராசின் மறு தட்டிலுள்ள படிக்கல்லின் எடையும் அதே விகிதத்தில் கூடிவிடும்! சுருள்வில்லில் தொங்கும் எடை மட்டுமே உண்மையைச் சொல்லும். ஈர்ப்புமானி என்னும் கருவியின் அடிப்படை அதுவே.

ஜார்ஜ் வுல்லர்டு என்ற அறிஞர் அமெரிக்காவைக் குறுக்கே கடந்து ஆங்காங்கே ஈர்ப்பை அளந்து 1943-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். கான்சாஸ் பகுதியில் அவருடைய வரைகோடு திடீரென்று மேலெழும்பியது. பிறகு வந்தவர்கள் அந்த மேட்டைத் தொடர்ந்து அளந்துகொண்டே வடக்கே போனபோது, அது சுபீரியர் ஏரியின் எரிமலைப் பாறைகளிலேயே போய் முடிந்தது. மண்ணைத் தோண்டாமலே இரண்டாயிரம் கி.மீ. பிளவு வெளிப்பட்டது. 1986-இல் கப்பலிலிருந்து காற்று வெடிப்பொலி எழுப்பி, ஏரியின் அடிப்பாறைகளிலிருந்து எதிரொலித்து வரும் அலைகளைப் பதிவு செய்தார்கள். எரிமலைப் பாறையும் அதன்மேல் படிந்த பாறையுமாக ஏறத்தாழ 30 கி.மீ. ஆழம் வரை அடுக்குகள் இருப்பது தெரிந்தது. எவரெஸ்டைப் போல் மூன்றரை மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய ஆழம் அது.

எண்ணெய் வேகும் பக்குவம்

எண்ணெய் உண்டாவதற்கு முதல் தேவை உயிர்ப்பொருள் கலந்த சேறு. நிலவியலார் இதை மூலப்பாறை என்பர். பாறை எடையில் நூற்றுக்கு அரைப் பங்கேனும் உயிர்க் கரி இருக்க வேண்டும். நான்சச் பாறையில் பெரும்பாலும் ஒன்றுக்கும் குறைவு. சில அடுக்குகளில் இரண்டுக்கு மேல். சிறந்தது என்று சொல்ல முடியாது. ஆனால், தள்ளிவிடவும் முடியாது.

அடுத்தது வெப்பம். இட்லி வேக எடுத்துக்கொள்ளும் நேரம் உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். முன்னதாக இறக்கினால் மாவு. மறந்துவிட்டால் காய்ந்து போகும். மூலப்பாறையும் அப்படியே. மேலே படியும் மண்ணின் சுமையால் அது ஆழத்துக்கு இறங்கும்போது, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி வீதம் சூடு ஏறுகிறது. சுமார் 60 டிகிரியிலிருந்து 120 டிகிரி சென்டிகிரேடு வரையில் உயிர்ப்பொருள் மெல்ல மெல்ல எண்ணெயாகிறது. அதற்கு மேல் போனால் எண்ணெய் சிதைந்து வாயுவாகிறது. இன்னும் மேலே போனால் கரி மட்டுமே மிஞ்சும்.

பிறந்த எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. பாறைத் துளைகளின் வழியே மேல்நோக்கி ஊர்ந்துகொண்டே இருக்கும். அதை ஏற்றுக்கொள்ளத் துளைகள் நிறைந்த மணற்கல் வேண்டும். அதற்கு மேலே மூடியைப் போல் ஒரு கெட்டிப் பாறை வேண்டும். மூடி, கவிழ்த்த கிண்ணம் போன்ற வடிவில் வளைந்திருந்தால் எண்ணெய் அதனுள் சிக்கித் தேங்கும். எல்லாவற்றிலும் முக்கியமாக, எண்ணெய் வந்து சேருமுன் அந்தக் கிண்ணம் அமைந்திருக்க வேண்டும். மழை பெய்து ஓய்ந்த பின் அண்டாவை முற்றத்தில் வைத்து என்ன பயன்?

பிளவுப் படுகைகளை எண்ணெய்க்காரர்கள் விரும்புவதற்குக் காரணம், மேற்சொன்ன யாவும் அங்கே ஓரிடத்தில் கூடிவரும் வாய்ப்பு அதிகம் என்பதே. ஆழமான பள்ளம், தேங்கிய நீர், விரைந்து கொட்டும் மணல், அடியிலிருந்து வெப்பம், பாறை நழுவல்களால் உண்டாகும் பொறிகள் எல்லாம் பிளவிலேயே கிடைக்கின்றன. வட கடலின் புகழ்பெற்ற எண்ணெய் வயல்கள் ஒரு பழைய பிளவின் மேலேயே இருக்கின்றன. குஜராத்தின் காம்பே படுகை, நரிமணத்து எண்ணெயைத் தந்த நம் காவிரிப் படுகை ஆகியவையும் பிளவில் பிறந்தவையே. ஆனால், காவிரிப் படுகை பிளக்கத் தொடங்கியது ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். நாம் பேசும் பிளவின் முன்னே அது நேற்றுப் பிறந்த குழந்தை.

பச்சையத்தின் வால்

சுரங்கத்தில் கசிந்த எண்ணெய் உண்மையிலேயே 108 கோடி ஆண்டுப் பாசியிலிருந்து வந்ததா, அல்லது வேறெங்கிருந்தோ பிற்காலத்தில் ஊறி வந்ததா? பெட்ரோலியம் உயிர்களிலிருந்து பிறப்பதே இல்லை, புவியின் ஆழத்தில் உலோகக் கார்பைடுகளும் நீரும் கலந்து பிறக்கிறது என்று 19-ஆம் நூற்றாண்டில் மெண்டெலீவ் கூறியிருந்தார். தனிம அட்டவணை தந்த அதே மெண்டெலீவ்தான். ஆகவே கேள்வி எளிதானதன்று.

1964-இல் கலிபோர்னியாவில் மெல்வின் கால்வினும் அவரோடு பணியாற்றிய அறிஞர்களும் நான்சச் பாறையை நுணுகி ஆராய்ந்தார்கள். தாவரங்கள் கரியமில வாயுவை உணவாக்கும் வழியைக் கண்டறிந்து 1961-இல் நோபல் பரிசு பெற்றவர் கால்வின். பச்சையத்தின் மூலக்கூறு ஒரு காற்றாடியைப் போன்றது. சதுரமான தலையும் நீண்ட வாலும் உண்டு. உயிர் மடிந்து சேற்றில் புதைந்த பிறகு அந்த வால் அறுந்து, பிரிஸ்டேன், பைட்டேன் என்னும் இரண்டு ஹைட்ரோகார்பன்களாக மாறும். கிளைகள் ஒழுங்கான இடைவெளியில் முளைத்த தனி வடிவம் அவற்றுக்கு உண்டு. உயிரற்ற வினைகளில் அவ்வடிவம் தானாக இத்தனை ஒழுங்காக வருவது அரிது. அந்த இரண்டும் நான்சச் பாறையில் இருந்தன. மனிதர் இல்லை, மரம் இல்லை, மீன் இல்லை. ஆனால், சூரிய ஒளியைப் பிடித்து உண்ட உயிர் அன்றே இருந்தது என்பதற்கு அதுவே கையொப்பம். எண்ணெய் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இதுதான்.

வேடிக்கையான இடையூறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பாறை எவ்வளவு வெந்தது என்று அறிய எண்ணெய் நிலவியலார் வழக்கமாகப் பாறையிலுள்ள மரத்துணுக்குகளின் பளபளப்பை அளப்பார்கள். வெந்த அளவுக்குத் தக்கபடி பளபளப்புக் கூடும். ஆனால், மரமே தோன்றாத காலத்துப் பாறையில் மரத்துணுக்குக்கு எங்கே போவது? வேதிப்பொருள்களின் விகிதத்தையும் பாறையைச் சூடாக்கினால் வெளிவரும் ஆவியின் அளவையும் கொண்டே சுற்றி வளைத்துக் கணிக்க வேண்டியதாயிற்று.

துளைத்துப் பார்த்தார்கள்

1973-லும் 1979-லும் எண்ணெய் விலை திடீரென்று பன்மடங்கு ஏறியது நினைவிருக்கும். இல்லாவிட்டால் உங்கள் தாத்தாவைக் கேளுங்கள். விலை ஏறிய பிறகு, முன்பு யாரும் திரும்பிப் பாராத இடங்களெல்லாம் கம்பெனிகளின் கண்ணுக்குப் பட்டன. சுரங்கத்தில் கசியும் எண்ணெய், இரண்டாயிரம் கி.மீ. பிளவு, பல கி.மீ. தடிப்புள்ள படிவுப் பாறை, ஒருவரும் துளைக்காத நிலம்! யாருக்குத்தான் ஆசை வராது?

1984-85-இல் டெக்சாக்கோ கம்பெனி கான்சாஸ் மாநிலத்தில் 11,300 அடி துளைத்தது. கிடைத்தது எண்ணெய் அன்று, வியப்பு. பிளவில் எரிமலைப் பாறை அடியிலும் மணற்பாறை மேலேயும் இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. இங்கோ துளை முதலில் ஆயிரக்கணக்கான அடி பசால்ட்டைக் குடைந்து, அதற்குக் கீழே சிவந்த மணற்பாறையில் போய் நின்றது. சோற்றுக்கு அடியில் குழம்பு இருப்பதைப் போன்ற தலைகீழ் நிலை! பிளவு நின்ற பின் பக்கங்களிலிருந்து அழுத்தம் வந்து, பாறைத் தொகுதி ஒன்று மற்றொன்றின் மேல் ஏறிவிட்டது என்று இதற்கு விளக்கம் கூறினார்கள். கண்டத்தின் கிழக்கே அன்று எழுந்துகொண்டிருந்த கிரென்வில் மலைத்தொடர்தான் அப்படி நெருக்கியது என்பது பலருடைய கருத்து.

அடுத்தது பெரிய பந்தயம். 1986-இல் எண்ணெய் விலை சரிந்துவிட்டது. ஆயினும், 1987-இல் அமாக்கோ கம்பெனி அயோவாவின் கேரல் வட்டத்தில் கிணறு தோண்டியது. மேலெழும்பிய நடு மேட்டின் ஓரத்தில் உள்ள ஆழமான பள்ளத்தை இதற்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முதல் 850 மீட்டர் வரை பிற்காலப் பாறைகள். பிறகு பிளவின் படிவுகள் தொடங்கின. மணற்கல், களிப்பாறை, மீண்டும் மணற்கல் என்று ஏறத்தாழ நாலரை கி.மீ. தடிப்பு! மாதக்கணக்கில் துளைத்து 17,851 அடியில், அதாவது 5,441 மீட்டரில், நிறுத்தினார்கள். அயோவாவில் அவ்வளவு ஆழமான துளை வேறு கிடையாது.

அவர்கள் தேடிப் போன கரிய களிப்பாறை உண்மையிலேயே இருந்தது. நான்சச் பாறைக்கு உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க பாறை. ஆனால், அது வெந்த பாறை அன்று, தீய்ந்த பாறை. எப்போதோ எண்ணெயையும் வாயுவையும் ஈன்று முடித்து, கரியாய்ச் சுருண்டு கிடந்தது. அது ஈன்றதெல்லாம் எங்கே போயிற்று என்பதற்கு அடையாளம் எதுவும் கிட்டவில்லை. கிணற்றை அடைத்துவிட்டு, பாறை மாதிரிகளையும் அளவீடுகளையும் கம்பெனி அயோவா நிலவியல் துறையாருக்குக் கொடுத்தது. அவர்கள் 1990-இல் அவற்றை ஆராய்ந்து தனி நூலாகவே வெளியிட்டார்கள். வறண்ட கிணறு பிறந்த வீட்டுக்குக் கொடுத்த சீர் என்று வைத்துக்கொள்ளலாம்.

மிச்சிகனில் அதே கம்பெனி தோண்டிய மற்றொரு கிணறும், 1992-இல் விஸ்கான்சினில் வேறொரு கம்பெனி ஏறத்தாழ 5,000 அடிக்குத் தோண்டிய கிணறும் வெறுங்கையுடனே முடிந்தன.

குறை எங்கே?

ஒயிட் பைன் சுரங்கமே இதற்கு ஒரு குறிப்புத் தந்திருந்தது. அங்கே பாறை வெடிப்புகளில் கால்சைட் என்னும் வெண்ணிறக் கனிமம் நரம்புகளாக ஓடுகிறது. அந்தக் கனிமத்தை மெல்லிய தகடாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், அதனுள்ளே எண்ணெய்த் துளிகள் சிறைப்பட்டிருப்பதைக் காணலாம். நரம்புகளின் வயதைக் கதிரியக்க முறையில் கணித்தபோது ஏறத்தாழ 105 கோடி ஆண்டுகள் என்று வந்தது. அதன் பொருள் என்ன? கனிமம் வளரும்போதே எண்ணெய் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. பாறை படிந்து சில கோடி ஆண்டுகளுக்குள்ளேயே வெந்து முடிந்துவிட்டது.

ஆகவே இந்த எண்ணெய் ஒரு பொறியில் சிக்கியிருக்குமானால், அந்தப் பொறி நூறு கோடி ஆண்டுகள் ஒழுகாமல் இருந்திருக்க வேண்டும். அதற்குள் நிலம் எத்தனை முறை உயர்ந்தது, எத்தனை முறை தேய்ந்தது! பல இடங்களில் கரிய பாறையே மேலே தூக்கப்பட்டு அரித்துச் செல்லப்பட்டுவிட்டது. துளை நிறைந்த மணற்கற்களிலும் கனிமங்கள் படிந்து துளைகளை அடைத்துவிட்டன. மூலப்பாறை இருந்தது, வெப்பம் இருந்தது. காலம் மட்டும் ஒத்துவரவில்லை.

அதற்காக ‘இவ்வளவு பழைய பாறையில் எண்ணெய் நிற்கவே நிற்காது’ என்று சொல்லிவிடவும் கூடாது. 1986-இல் வட ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 140 கோடி ஆண்டுப் பாறைகளில் திரவ எண்ணெய் இருப்பதை அறிவித்தார்கள். அதே பகுதியில் 2016-இல் களிப்பாறையை உடைத்துச் சோதித்தபோது எரிவாயு தொடர்ந்து வெளிவந்தது. சைபீரியாவில் நூறு கோடி ஆண்டுப் பாறைகளோடு தொடர்புடைய எண்ணெய் வயல்களே இருக்கின்றன. அங்கெல்லாம் நிலம் அதிகம் புரளாமல் அமைதியாகக் கிடந்தது, அவ்வளவே வேறுபாடு.

ஏரிக்கு அடியில்

நடுக்கண்டப் பிளவில் நான்சச் பாறை தீய்ந்து போகாமல், அரிபடாமல், மூடியோடு இருக்கக்கூடிய இடம் எங்கேனும் உண்டா? வரைபடத்தைப் பார்த்தால் விரல் தானாகவே சுபீரியர் ஏரியின் மேல் போய் நிற்கும். தொட்டியின் நடுப்பகுதி அங்கேதான் நீருக்கு அடியில் இருக்கிறது. ஆனால், அந்த ஏரி சாதாரண ஏரியன்று. பரப்பு ஏறத்தாழ 82,000 சதுர கி.மீ.; தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல். உலகின் நிலப்பரப்பின் மேலுள்ள உறையாத நன்னீரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அந்த ஒரே ஏரியில் இருக்கிறது. ஒரு கிணறு வெடித்து எண்ணெய் கலந்தால் என்ன ஆகும்? ஏரியில் விழும் ஒரு துளி நீர் வெளியேறுவதற்கே சராசரியாக 190 ஆண்டுகள் வரை ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

2005-ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம், பேரேரிகளின் அமெரிக்கப் பகுதியில் எண்ணெய்க்கோ வாயுவுக்கோ புதிதாகத் துளையிடுவதை நிரந்தரமாகத் தடை செய்து சட்டம் இயற்றியது. அங்கே எண்ணெய் இருக்கிறதா என்பது திட்டவட்டமாகத் தெரியாமலே எடுத்த முடிவு இது. உறுதியற்ற எண்ணெய்க்காக உறுதியான நன்னீரைப் பணயம் வைப்பதில்லை என்ற கணக்கு. எனக்கு அது சரியான கணக்காகவே படுகிறது.

இத்தனைக்கும் இந்தப் பிளவு கஞ்சத்தனம் செய்யவில்லை. அதன் பசால்ட் பாறைகளின் வழியே ஊறிய வெந்நீர் தூய செம்பைக் கட்டி கட்டியாகப் படிய வைத்திருந்தது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அப்பகுதிப் பழங்குடியினர் அதைத் தோண்டி எடுத்துத் தட்டி ஈட்டிமுனைகளும் கத்திகளும் செய்தார்கள். ஆற்றங்கரையில் கிடந்த ஒரே செம்புப் பாறை 1,700 கிலோ எடை. அது இப்போது வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1840-களிலிருந்து வெட்டியெடுத்த செம்பு சுமார் 50 லட்சம் டன். எண்ணெய் கசிந்த ஒயிட் பைன் சுரங்கமும் 1995-இல் மூடப்படும் வரை செம்பைத்தான் தந்தது.

இப்போது மற்றொரு தேடல் தொடங்கியிருக்கிறது. 1980-களில் கான்சாஸில் பிளவை ஒட்டிய இரு கிணறுகளிலிருந்து வந்த வாயுவைச் சோதித்தபோது, அதில் கணிசமான பங்கு ஹைட்ரஜனாக இருந்தது. எண்ணெய் தேடியவர்களுக்கு அது வேண்டாப் பொருள். இரும்புச் சத்து மிகுந்த ஆழ்ந்த பாறைகளோடு நீர் வினைபுரியும்போது, இரும்பு துருப்பிடிப்பதைப் போல ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜனை விட்டுவிடுகிறது. பிளவில் இரும்புப் பாறைக்கா பஞ்சம்? எரித்தால் புகையின்றி நீராகும் எரிபொருளாயிற்றே என்று, 2019-இல் நெப்ராஸ்காவில் ஹைட்ரஜனுக்காகவே ஒரு கிணறு தோண்டினார்கள். அதன் பின் கான்சாஸிலும் துளைக்கும் எந்திரங்கள் வந்து நின்றன. ஹைட்ரஜன் மூலக்கூறு எண்ணெய் மூலக்கூறைவிட மிகச் சிறியது. எந்த இடுக்கிலும் நுழைந்து தப்பிவிடும். எண்ணெயையே பிடித்து வைக்க முடியாத பாறைகளில் அது எவ்வாறு தங்கும் என்று கேட்பவர்களுக்கு, ஹைட்ரஜன் பழையதாகத் தேங்கியிருக்க வேண்டியதில்லை, இன்றும் புதிதாகச் சுரந்துகொண்டே இருக்கலாம் என்பது தேடுவோர் கூறும் பதில்.